கப்பலுக்கு முன்னால் விசா

உவரிக் கடற்கரையில் கப்பல் மாதா கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கோயிலே ஒரு கப்பலாக நிற்கிறது, அதன் உச்சியில் ஒரு விமானமும் இருக்கிறது. திசையன்விளையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். இந்தப் பகுதியின் கதையே கடல் கடந்து பிழைத்த கதைதான். தேரிக்காடும் பனையும் கொடுத்தது போதாமல் ஒரு தலைமுறை கொழும்புக்குப் போனது. இன்னொன்று மும்பைக்குப் போனது. அடுத்தது துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று கிளம்பியது. போனவர்கள் எல்லாம் வேலைக்குப் போனவர்கள்.

இப்போது அதே வீடுகளிலிருந்து வேறொரு பயணம் தொடங்கியிருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட பலசரக்கு வியாபாரிகள், சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர்கள் கப்பலில் சுற்றிப்பார்க்கக் கிளம்புகிறார்கள். நாலு நாள், ஏழு நாள், சாப்பாடும் படுக்கையும் கப்பலிலேயே. வாழ்நாள் முழுக்கக் கரையில் நின்று கடலைப் பார்த்தவர்கள், கடலில் நின்று கரையைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை நியாயமானது. அது துறைமுகத்து கவுண்ட்டரில் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

உடைக்கிற வாக்கியம் ஒன்று உண்டு. ‘அண்ணாச்சி, கேபின் புக் பண்ணியாச்சு. விசா மெதுவா பாத்துக்கிடலாம்.’ டிராவல்ஸ் ஆபீசில் இதைச் சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. சலுகைக் கட்டணம் இந்த வாரத்தோடு முடிகிறது, அதனால் சொல்கிறார். ஆனால் கப்பல் நிறுவனங்களின் பயண ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தால் ஒரு விதி தவறாமல் இருக்கும்: எந்தெந்த நாட்டுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று பார்த்து எடுத்துவர வேண்டியது பயணியின் பொறுப்பு. ஆவணம் இல்லையென்றால் ஏற்ற மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. புறப்படும் நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறிக்கொண்டே போய், கடைசி வாரங்களில் முழுத் தொகையையும் விழுங்கிவிடும். விசாவோ எந்தத் தேதியில் வரும், வருமா என்பதே தெரியாத ஒன்று. நிச்சயமில்லாததைக் கடைசியில் வைத்துக்கொண்டு, திரும்ப வாராத பணத்தை முதலில் கட்டுவது தலைகீழான வரிசை.

கப்பல் எங்கெல்லாம் நிற்கிறது?

விமானத்தில் போகிறவர் ஒரு நாட்டுக்குப் போகிறார், திரும்புகிறார். கப்பலில் போகிறவர் ஒரே வாரத்தில் மூன்று நாட்டு எல்லையைத் தொட்டு, ஏறிய இடத்துக்கே திரும்பி வருகிறார். கப்பல் விசாவின் சிக்கலெல்லாம் இந்தத் திரும்பி வருவதில்தான் இருக்கிறது. அதனால் முதலில் கையில் எடுக்க வேண்டியது விண்ணப்பப் படிவம் அல்ல, கப்பலின் பயணப் பட்டியல். எந்த நாள் எந்தத் துறைமுகம், அது எந்த நாட்டுக்குச் சொந்தம், நாம் இறங்காமல் கப்பலிலேயே உட்கார்ந்திருந்தாலும் அந்த நாடு விசா கேட்குமா, ஏறிய நாட்டுக்குள் மறுபடி நுழைய விசாவில் இடம் இருக்கிறதா. இந்தக் கேள்விகளை ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கேட்டுப் பதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் போவது சிங்கப்பூர் கப்பல். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் பார்த்துவிட்டு சிங்கப்பூரிலேயே இறங்குவது வழக்கமான சுற்று. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி தந்திருக்கிறது. தாய்லாந்தும் அதே காலத்தில் விசா விலக்குத் தந்து, அடுத்த ஆண்டு நாட்களைக் கூட்டியது. ஆகவே எல்லாரும் சிங்கப்பூர் விசா ஒன்றுதான் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பயணத்தில் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறோம்: விமானத்தில் ஒரு முறை, கப்பலில் திரும்பும்போது ஒரு முறை. கைக்கு வரும் ஈ-விசா தாளில் ஒரு முறை நுழைவா, பலமுறையா என்று அச்சாகியிருக்கும். அந்த ஒரு வரியை வாசிக்காமல் பெட்டி கட்டக் கூடாது. விண்ணப்பத்தையும் ஆறு மாதத்துக்கு முன்பே கொடுத்துவிட முடியாது, வருகைத் தேதிக்கு முந்தைய 30 நாட்களுக்குள்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இது போக ஒவ்வொரு நாட்டுக்கும் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை உண்டு. விசா இல்லை என்றால் தாளே இல்லை என்று அர்த்தமல்ல.

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகிற பெற்றோருக்கு அலாஸ்கா கப்பல் ஒரு பெரிய கனவு. பனிமலை கடலுக்குள் இடிந்து விழுவதைப் பார்க்கலாம். சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்கும் கப்பல், நடுவில் பார்ப்பதெல்லாம் அமெரிக்காவின் மாநிலமான அலாஸ்கா. பத்து வருட அமெரிக்க விசா கையில் இருக்கிறது. வேறென்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கப்பல் திரும்பும் வழியில், பெரும்பாலும் ஒரு சாயங்கால வேளையில், கனடாவின் விக்டோரியா துறைமுகத்தில் சில மணி நேரம் நிற்கும். அந்த நிறுத்தத்துக்குப் பின்னால் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து பயணிகளை ஏற்றி அமெரிக்கத் துறைமுகத்திலேயே இறக்கும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல், இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். பெரிய சுற்றுலாக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுகிறவை. எனவே விக்டோரியாவைத் தொட்டே தீர வேண்டும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் கனடா விசா எடுத்தே தீர வேண்டும். கரையில் கால் வைக்காவிட்டாலும் வேண்டும். பெற்றோருக்கு மட்டுமல்ல, அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் அது வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் சியாட்டிலிலேயே நிறுத்திவிடுவார்கள். இந்தச் சட்டம் எவ்வளவு கறார் என்பதற்கு ஒரு சாட்சி: கொரோனா காலத்தில் கனடா தன் துறைமுகங்களைச் சுற்றுலாக் கப்பல்களுக்கு மூடியபோது, அலாஸ்காவுக்குக் கப்பல் விடுவதற்காக 2021இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனியாக ஒரு தற்காலிகச் சட்டமே போட வேண்டியிருந்தது.

ஐரோப்பாவில் கதை இன்னும் நுணுக்கம். ஷெங்கன் விசா ஒன்றிருந்தால் ஐரோப்பா முழுக்கச் சுற்றலாம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஏதென்ஸ் பக்கம் பிரேயஸில் ஏறும் கப்பல் கிரேக்கத் தீவுகளுக்கு நடுவே துருக்கியின் குசாதாசிக்கும் போய்வரும். அட்ரியாட்டிக் கடலில் போகும் கப்பல் மான்டினீக்ரோவின் கோட்டோரில் நிற்கும். இரண்டும் ஷெங்கனுக்கு வெளியே. வெளியே போய்விட்டு உள்ளே வருவதால், பலமுறை நுழைவு விசா இருக்கிறதா என்று கப்பல் நிறுவனம் கேட்கும். இங்கிலாந்து விசா முற்றிலும் தனி. ஷெங்கனை வைத்துக்கொண்டு சவுத்தாம்ப்டனில் ஏற முடியாது. குரோவேஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. அதனால் அதற்கு முன் போய்வந்த சொந்தக்காரர் சொல்லும் அனுபவம் இன்றைக்குப் பொருந்தாது. கப்பல் விசாவில் பழைய அனுபவம் ஆபத்தானது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இன்னொரு வகை அனுபவமும் உண்டு. இந்தக் கரையோர ஊர்களில் கப்பலில் வேலை பார்க்கும் பையன்கள் இருக்கிறார்கள். சுற்றுலாக் கப்பலை உள்ளிருந்து அறிந்தவர்கள் அவர்கள்தான். ‘எனக்கு எங்கயும் விசா கேக்கல மாமா’ என்று அவர்களில் ஒருவன் சொன்னால் அது பொய்யாக இருக்காது. ஆனால் அவன் கையில் இருப்பது கடலோடிகளுக்கான சி.டி.சி. புத்தகம், அமெரிக்காவுக்கு என்றால் சி1/டி என்ற பணியாளர் விசா. பல நாடுகள் கப்பல் பணியாளருக்குக் கொடுக்கும் சலுகையைப் பயணிக்குக் கொடுப்பதில்லை. அவனிடம் எந்தத் தளத்தில் கேபின் எடுத்தால் அலை தெரியாது என்று கேட்கலாம். விசாவை அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில்தான் பார்க்க வேண்டும்.

வெளிநாடே போகாத கப்பலிலும் தாள் உண்டு. கொச்சியிலிருந்தோ மும்பையிலிருந்தோ லட்சத்தீவுக்குப் போகும் இந்தியருக்கு விசா தேவையில்லை, ஆனால் நுழைவு அனுமதிச்சீட்டு தேவை. 1967 விதிகள் அப்படி. கப்பலுக்கே அனுமதி மறுக்கப்படுவதும் நடந்திருக்கிறது: 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன சொகுசுக் கப்பல், புதுச்சேரி அரசு அனுமதி தராததால் பயணிகளை அங்கே இறக்க முடியாமல் திரும்பியது.

தட்டப்பாறை, மண்டபம், தனுஷ்கோடி

தாள் என்றதும் நம் பெரியவர்களுக்கு ஒரு பயம் வருகிறதே, அதற்கு நீண்ட வேர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆள் போனபோது பாஸ்போர்ட் என்று ஒன்று இல்லை. பஞ்சம் வந்தால் தூத்துக்குடி, அங்கிருந்து கொழும்பு. அப்புறம் கொள்ளைநோய்ப் பயத்தில் தூத்துக்குடி ரயில் பாதையில் தட்டப்பாறையிலும், பின்னால் ராமேஸ்வரம் பாதையில் மண்டபத்திலும் இலங்கை அரசு முகாம் போட்டது. கூலிவேலைக்குப் போகிறவர்களை அங்கே நாள்கணக்கில் தங்கவைத்து, அம்மை குத்தி, உடம்பைச் சோதித்து, அதன் பிறகே கப்பலேற்றினார்கள். மேல் வகுப்பு டிக்கெட்காரருக்கு அந்தத் துன்பம் கிடையாது. எல்லையில் ஏழையைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்ற பாடத்தை நம் மக்கள் அங்கேயே படித்துவிட்டார்கள்.

1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டபோது ‘காலியா’, ‘லாவோ’ என்ற அந்த இரு கப்பல்களில் ஏறியவர்களுக்கும் விசா தேவைப்படவில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் பாதை தனுஷ்கோடி வழியாக மாறியது. சென்னையில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போகலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்.

1948இல் சுதந்திர இலங்கை குடிவரவுச் சட்டம் இயற்றி 1949 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாஸ்போர்ட், விசா, தங்கும் அனுமதி என்று ஒரே நாளில் கடலுக்கு நடுவே கோடு விழுந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த நம் பக்கத்து வியாபாரிகள் திருவிழாவுக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பக் கையில் தாள் வேண்டியதாயிற்று. தாள் இல்லாமல் நாட்டுப் படகில் போனவர்களுக்குக் கள்ளத்தோணி என்று பெயர் வந்தது. அது எத்தனை குடும்பங்களைச் சுட்டது என்பது இந்தக் கரையில் பழைய ஆட்களிடம் பேசினால் தெரியும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோனது. ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் இலங்கைக் கலவரத்தோடு நின்றது.

இந்தியாவுக்குள் வேறொரு மாற்றம் நடந்தது. அதுவரை பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தின் பகுதி, சட்டமில்லாமல் அதை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூன் 24 அன்று பாஸ்போர்ட் சட்டம் வந்தது. ஆகவே பாஸ்போர்ட்டை நாம் உரிமையோடு கேட்கலாம். விசா அப்படியல்ல. அது இன்னொரு நாட்டின் சம்மதம். மறுக்கவும் அந்த நாட்டுக்கு உரிமை உண்டு, சில நாடுகள் காரணத்தை ஒரு வரியில் முடித்துவிடும். இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பாஸ்போர்ட் ஆபீசில் பணிந்து நிற்கிறோம், விசா ஆபீசில் அலட்சியமாக இருக்கிறோம். இருக்க வேண்டியது மாறி.

பெயரும் பணமும்

திசையன்விளைக்காரருக்குப் பாஸ்போர்ட் எடுப்பது முன்னைவிட இன்று எளிது. ஒரு காலத்தில் திருச்சிக்கு ஓட வேண்டும். 2007 கடைசியில் மதுரையில் அலுவலகம் வந்தது. இப்போது திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. பயணம் முடியும் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் கேட்கின்றன.

சிக்கல் பெயரில் தொடங்குகிறது. நமக்கு இருப்பது ஒரு பெயரும் அப்பா பெயரின் முதலெழுத்தும். பாஸ்போர்ட்டில் முதலெழுத்துச் செல்லாது, விரித்து எழுத வேண்டும். பலர் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு முழுப் பெயரையும் ஒரே இடத்தில் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவர்களின் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் தெரியாதவர் என்பதற்கான ‘எஃப்.என்.யு.’ என்ற மூன்றெழுத்து முன்னால் அச்சாகிவிடும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தது. பிறகு கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. குளிர்காலத்தில் துபாயிலிருந்து மஸ்கட் போய்வரும் கப்பல்களுக்கு நம்மவர்கள் இப்போது ஆர்வமாகப் போகிறார்கள், அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கப்பல் முன்பதிவுப் படிவம் இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும்போது, அவசரத்தில் முதலெழுத்தைக் குடும்பப்பெயராகப் போட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் ஒன்று, விசாவில் ஒன்று, போர்டிங் பாஸில் ஒன்று. மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஊர்ப்பெயரையே ஆங்கிலத்தில் ‘டி’யில் தொடங்குவதா, ‘டிஹெச்’சில் தொடங்குவதா என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுத் திருத்துவதற்கே இரண்டு மூன்று மாதம் ஒதுக்குவது நல்லது.

பத்தாங்கிளாஸ் தாண்டாத அம்மாவின் பாஸ்போர்ட்டில் ‘ஈ.சி.ஆர்.’ என்று இருக்கிறதே, கப்பலேற விடுவார்களா என்று பிள்ளைகள் கவலைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குறிப்பு குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பாதுகாப்பதற்கு. சுற்றுலாவுக்கு அது தடையில்லை. 50 வயது தாண்டியவர்களுக்கு அந்தக் குறிப்பே தேவையில்லை, புதுப்பிக்கும்போது நீக்கிவிடலாம்.

அடுத்தது பணம். விசா அதிகாரி பார்ப்பது எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பதை மட்டுமல்ல, அது எப்படி வந்தது என்பதையும், இந்த மனிதர் திரும்பி வருவாரா என்பதையும். அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்று எடுத்துக்கொண்டே தொடங்குகிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நாம். நம் பகுதியின் வியாபாரம் பெரும்பாலும் ரொக்கத்தில் ஓடுகிறது. கருப்பட்டி, முருங்கை, பலசரக்கு, கால்நடை எல்லாமே கைக்குக் கை. நல்ல வசதியுள்ளவரின் வங்கிக் கணக்கில் நாலாயிரம் ரூபாய் கிடக்கும். விசாவுக்கு வங்கி விவரம் கேட்கிறார்கள் என்றதும் மச்சினனிடம் ஐந்து லட்சம் வாங்கி ஒரே நாளில் போட்டு, விசா ஆனதும் எடுத்துக் கொடுத்துவிடுகிற பழக்கம் உண்டு. அதிகாரிக்கு அந்த ஒற்றை வரவு முதல் பார்வையிலேயே கண்ணில் படும். ஷெங்கனுக்கோ இங்கிலாந்துக்கோ போக நினைப்பவர் ஒரு வருடம் முன்பே தன் உண்மையான வரவை வங்கி வழியாக விடத் தொடங்க வேண்டும், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். பிள்ளை செலவு ஏற்கிறான் என்றால் அதை மறைக்காமல் அவன் கடிதத்தையும் சம்பளச் சான்றையும் வைக்கலாம். அது குறைவல்ல. நிலத்தின் பட்டா, கடையின் உரிமம், ஓய்வூதியப் புத்தகம் இவையெல்லாம் திரும்பி வர ஓர் ஊர் இருக்கிறது என்பதற்கான ஆதாரம். தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் சான்றோடு மொழிபெயர்த்து வைக்க வேண்டும்.

‘ஸ்டேட்மென்ட் நாங்களே ரெடி பண்ணித் தாரோம்’ என்று சொல்லும் புரோக்கரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பொய் ஆவணம் பிடிபட்டால் இங்கிலாந்து பத்தாண்டு வரை தடை போடும். அமெரிக்காவில் அது நிரந்தரத் தகுதியின்மை ஆகிவிடலாம். புரோக்கர் வாங்கிய பத்தாயிரத்தோடு போய்விடுவார். அங்கே பிறக்கப்போகும் பேரனைப் பார்க்கப் போக முடியாமல் நிற்பது பாட்டி. எந்தப் பாவமும் அறியாத ஒருத்தியின் பெயரில் அந்தப் பொய் பதிவாகிவிடுகிறது.

ஷெங்கனுக்கு விண்ணப்பிக்கும் காலம் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்பு வரை. முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சிக்கலென்றால் 45 நாள் வரை. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். எந்த நாட்டுத் துறைமுகங்களில் அதிக நாள் கழிகிறதோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். சீக்கிரம் தேதி கிடைக்கிறது என்பதற்காக ஏதோ ஒரு நாட்டிடம் கொடுத்தால் கப்பலின் பயணப் பட்டியலே நம்மைக் காட்டிக்கொடுக்கும். 2024இல் இந்தியாவிலிருந்து போன சுமார் 11 லட்சம் ஷெங்கன் விண்ணப்பங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மறுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு நல்ல மாற்றமும் வந்தது: மூன்று ஆண்டுக்குள் இரண்டு முறை ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு, அடுத்ததாக இரண்டு ஆண்டுப் பலமுறை விசா தரலாம் என்று இந்தியர்களுக்கு வழி திறந்தார்கள்.

பாஸ்போர்ட் ஆபீஸ் நெல்லைக்கு வந்துவிட்டது. விசா இன்னும் வந்து சேரவில்லை. பெரும்பாலான மேலைநாடுகளுக்குக் கைரேகை கொடுக்க நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்கோ, வேறு வழியில் கொச்சிக்கோ போக வேண்டியிருக்கிறது. அறுபத்தைந்து வயதுத் தம்பதிக்கு ஐந்து நிமிடக் கைரேகைக்காக இரண்டு இரவு ரயில் பயணம். அமெரிக்க விசா என்றால் கைரேகைக்கு ஒரு முறை, துணைத் தூதரக நேர்காணலுக்கு ஒரு முறை. நேர்காணல் தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். தென்மாவட்டங்களில் இத்தனை பேர் வெளிநாடு போய்வரும்போது மதுரையிலோ நெல்லையிலோ இந்த மையங்களை விரிவாகக் கொண்டுவர நம் அரசு தூதரகங்களிடம் கேட்கலாம். கேட்டால் நடக்கக்கூடிய காரியம்தான்.

பக்கத்துக் கடல்

இத்தனை தூரத்துக் கப்பல்களைப் பற்றிப் பேசும்போது மனதில் உறுத்துவது தூத்துக்குடி. 2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ புறப்பட்டது. ஆயிரம் பேர் போகக்கூடிய கப்பல், 152 கடல் மைல், ராத்திரி ஏறினால் காலையில் கொழும்பு. அப்போது இந்தியர்கள் இலங்கையில் இறங்கிய இடத்திலேயே விசா வாங்கிக்கொள்ளலாம். நவம்பரில் சேவை நின்றுபோனது. 2012 ஜனவரி 1 முதல் இலங்கை, புறப்படும் முன்பே இணையத்தில் வாங்கவேண்டிய இ.டி.ஏ. என்ற முன் அனுமதியைக் கொண்டுவந்தது.

இன்று நம் கரையிலிருந்து இலங்கைக்கு இருப்பது நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியாபாணி’ தொடங்கிவைத்தது, சில நாட்களில் நின்றது, 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ ஓடுகிறது. ஏறத்தாழ 60 கடல் மைல், நாலு மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணக் கரை. சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று 2023 ஜூனில் சொகுசுக் கப்பலும் போய்வந்தது. இலங்கை விசா விதி இந்தச் சில ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது: கட்டணம், பிறகு இந்தியர்களுக்கு இலவசம், நீட்டிப்பு, வேறு இணையத்தளம், மறுபடி பழைய தளம். அதனால் டிக்கெட் எடுக்கும் நாளில் ஒரு முறை, ஏறுவதற்கு முந்தைய வாரத்தில் ஒரு முறை இலங்கை அரசின் தளத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும். அரசுத் தளம் போலவே பெயர் வைத்துக்கொண்டு மும்மடங்கு பணம் பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன. அனுமதியைப் போனில் வைத்துக்கொண்டால் போதாது. பெரியவர்கள் கையில் அச்சிட்ட தாள் இரண்டு பிரதி இருக்கட்டும். ஒன்று பெட்டியில், ஒன்று கைப்பையில்.

கப்பல் என்றதும் அலாஸ்காவையும் மத்தியதரைக் கடலையும் நினைக்க வசதியுள்ளவர்கள் கொஞ்சம் பேர். திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி, வள்ளியூர் மக்களில் பெரும்பாலோர் ஏறக்கூடியது, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மறுபடி ஒரு கப்பல் ஓடினால் அதுதான். இலங்கை விசாவுக்குச் சென்னை போக வேண்டாம், வங்கி விவரம் திரட்ட வேண்டாம், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேத்தி போனில் நிரப்பிவிடுவாள். தாத்தா பெட்டிக்கடை வைத்திருந்த கொழும்புத் தெருவைப் பேரன் போய்ப் பார்த்து வரலாம். நாகப்பட்டினத்துக் கப்பலை அரசுகள் கைதூக்கிவிட்டு மறுபடி ஓடவைத்ததுபோல், 2011இல் நின்றுபோன தூத்துக்குடிக் கப்பலையும் ஓடவைக்க முடியும். திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து கப்பல் துறை அமைச்சகத்திடம் இதைக் கேட்க வேண்டும். அவர்களிடம் நாம் கேட்க வேண்டும்.